108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக 50 நாள் பயிற்சி போதுமா?

கேள்வி: என் தம்பி பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவன். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான். 50 நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்கிறார்கள். அந்த 50 நாளில் உயிர் காக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே தடுமாறுவான்? இதில் மேலே போக வழி உண்டா?

பதில்:

வேலையைத் தொடங்க 50 நாள் போதும். கைதேர்ந்தவனாக ஆக அது போதாது. ஆனால் பெரும்பாலோர் நினைப்பதுபோல நாள் கணக்கில் மட்டும் குறை இல்லை. 51-ஆம் நாளிலிருந்து பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருப்பதில்லை. என் பார்வையில் பெரிய ஓட்டை அதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 50 நாள் என்பது 400 மணி நேரம். அமெரிக்காவில் அடிப்படை நிலை இஎம்டி (ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்) பயிற்சி சுமார் 150 முதல் 200 மணி நேரம்தான். அப்படியானால் நம் பயிற்சி நீளமானதாயிற்றே என்று தோன்றும். ஆனால் அங்கே அந்த இஎம்டிக்கு மேல் 1,200 முதல் 1,800 மணி நேரம் படித்த பாராமெடிக் ஒருவர் இருக்கிறார், கடினமான நோயாளிக்கு அவர் வருவார். பிரிட்டனில் பாராமெடிக் ஆவதற்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2008-இல் 108 சேவை தொடங்கியதிலிருந்து வண்டியின் பின்பக்கம் இருப்பவர் ஒரே ஒருவர். முன்னால் பைலட் (ஓட்டுநர்), பின்னால் மருத்துவ உதவியாளர். பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி, லாரி மோதிய விபத்து, பூச்சிமருந்து குடித்தவர் என எது வந்தாலும் அந்த ஒருவர்தான் பார்க்க வேண்டும். சிறிய பயிற்சியின் மேல் பெரிய வேலை ஏற்றப்பட்டிருக்கிறது.

வகுப்பில் உட்காரும் கூட்டமும் ஒரே மாதிரி இருக்காது. நர்சிங் முடித்தவர், டிஎம்எல்டி (ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) படித்தவர், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் பட்டதாரி எல்லோருக்கும் ஒரே பாடம். நர்சிங் படித்தவருக்கு ஊசி குத்தவும் நரம்பு பிடிக்கவும் கை பழகியிருக்கும், ஆனால் டாக்டர் சொன்ன பிறகு செய்வதே அவர் பழக்கம். உங்கள் தம்பி போன்றவருக்கு இதயமும் நுரையீரலும் எப்படி இயங்குகின்றன என்று தெரியும், நோயாளியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். முதல் இரண்டு வாரத்தை இவர்களுக்குத் தனித்தனியாக நடத்தினால் பாதி நேரம் மிச்சமாகும். தம்பியிடம் சொல்லுங்கள்: உடற்கூறு பாடத்தில் அவர் முந்திக்கொள்ளலாம், அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் கையால் பார்ப்பது, நாடி பிடிப்பது, மூச்சு எண்ணுவது என்று வகுப்பில் கிடைக்கும் எல்லா மனிதர்களிடமும் பழகட்டும். ஆரோக்கியமான நூறு பேரைப் பார்த்த கைக்குத்தான் நோயாளியின் நாடியில் உள்ள வேறுபாடு பிடிபடும்.

இனி, அதிகம் தவறுகிற இடங்கள். இவற்றில் முதலிடம் ஆம்பு பைக்கு, அதாவது மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கக் கையால் பிழியும் பைக்கு. பார்க்க எளிது, செய்யக் கடினம். பெரியவர்களுக்கான பை சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளும். நோயாளிக்கு ஒரு மூச்சுக்குத் தேவை 500 முதல் 600 மில்லி, மார்பு இலேசாக எழும்பினால் போதும். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்றவருக்கு 6 வினாடிக்கு ஒரு முறை, அதாவது நிமிடத்துக்கு 10. பதற்றத்தில் புதியவர் பையை முழுதாகப் பிழிந்து நிமிடத்துக்கு 30 தடவை ஊதிவிடுவார். காற்று இரைப்பைக்குப் போகும், வயிறு உப்பும், வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். மார்புக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும். காற்று கொடுத்தே நோயாளியை மோசமாக்குவது இப்படித்தான்.

மாஸ்க்கைப் பிடிப்பது இன்னொரு சிக்கல். புதியவர் மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துவார். தாடை பின்னால் தள்ளப்பட்டு நாக்கு மூச்சுக்குழாய் வாயை அடைக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு: மூன்று விரல்களால் தாடை எலும்பைப் பிடித்து முகத்தை மாஸ்க்கை நோக்கி மேலே தூக்க வேண்டும். ஒரு கையால் பிடித்து மறு கையால் பிழிவது அனுபவசாலிகளுக்கே தடுமாற்றம் தரும். இரண்டு கையாலும் ஒருவர் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் பையைப் பிழிவது நல்ல முறை. ஆனால் பின்னால் ஒருவர்தானே இருக்கிறார்? அதனால் கூட வரும் உறவினருக்குப் பையைக் கொடுத்து, "நான் 'இப்ப' என்றதும் பாதி மட்டும் அமுக்குங்க" என்று பத்து வினாடியில் கற்றுக்கொடுக்கும் திறமையே பாடத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாடப் புத்தகங்கள் இரண்டு பேர் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. அவற்றில் இது கிடைக்காது.

இதைப் பழகுவதற்கு மிகச் சிறந்த இடம் அறுவை அரங்கு. மயக்க மருந்து கொடுத்ததும் குழாய் போடுவதற்கு முன் பெரும்பாலான நோயாளிகளுக்கு மாஸ்க் வழியாகத்தான் காற்று கொடுப்பார்கள். பக்கத்திலேயே மயக்க மருத்துவர் இருப்பார், தவறினால் உடனே திருத்துவார். இரண்டு வாரம் அங்கே நின்றால் பொம்மையில் ஆறு மாதம் பழகியதைவிட அதிகம் வரும். ஆனால் மருத்துவமனைப் பயிற்சியில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஹவுஸ் சர்ஜன்களும் நர்சிங் மாணவர்களும் ஏற்கெனவே வரிசையில் நிற்பார்கள். இவர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் இரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோகவும் அனுப்பப்படுவார்கள். குறிப்பேட்டில் கையெழுத்து மட்டும் நிறையும். இதற்கு மருந்து, நாள் கணக்கை விட்டு எண்ணிக்கைக் கணக்குக்கு மாறுவது. 25 பேருக்கு மாஸ்க் வழியாகக் காற்று, 20 ஐவி (இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவது), 10 பிரசவம் பார்த்து அதில் 3-இல் கைகொடுத்தது, 20 இசிஜி என்று இலக்கு வைத்து, ஒவ்வொன்றையும் யார் பார்த்தார் என்று பெயரோடு எழுத வேண்டும். இந்த எண்கள் என் பரிந்துரை. கூடக் குறைய வைத்துக்கொள்ளலாம், எண்ணிக்கை இருப்பதுதான் முக்கியம்.

நெஞ்சழுத்தம், அதாவது சிபிஆர், வகுப்புத் தரையில் எல்லோருக்கும் வரும். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக எழும்ப விட வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஓடும் வண்டியில் இது எதுவும் நிலைக்காது. மெத்தை அமுங்குவதால் ஆழம் குறைகிறது, அதனால் முதுகுக்குக் கீழே ஸ்பைன் போர்டு என்ற கெட்டிப் பலகையை வைக்க வேண்டும். வளைவில் ஒரு கை கம்பியைத் தேடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியில் நின்றுகொண்டு நெஞ்சை அழுத்துவது செய்பவர் உயிருக்கே ஆபத்து. எனவே இதயம் நின்றவருக்கு விழுந்த இடத்திலேயே நல்ல சிபிஆர் கொடுத்து, ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) இருந்தால் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஊர்க்கூட்டம் "முதல்ல வண்டிய எடுங்க" என்று கத்தும். அந்த நெருக்கடியை வகுப்பிலேயே உண்டாக்கிப் பழக்க வேண்டும். நான்கு பேர் சுற்றி நின்று சத்தம் போட, பயிற்சி பெறுபவரை அவர்களில் ஒருவரைக் காட்டி "அண்ணே, நீங்க இங்க வந்து அமுக்குங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தலாம்" என்று சொல்ல வைக்க வேண்டும். கூட்டத்தை வேலைக்காரர்களாக மாற்றத் தெரிந்தவருக்குப் பாதி சுமை குறையும்.

பிரசவம் 108-இன் அன்றாடம். தலை தெரிய ஆரம்பித்தால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது முதல் பாடம். குழந்தை வந்ததும் துடைத்து, தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டு, இருவரையும் போர்த்த வேண்டும். அழுகிற குழந்தைக்குத் தொப்புள் கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கட்டலாம். துடைத்தும் தூண்டியும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் சிறிய பையால் காற்று தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60. இங்கே நேரத்தைத் தின்பது, வாயிலும் மூக்கிலும் இருந்து நீரை உறிஞ்சும் தேவையில்லாத சக்‌ஷன்.

தாய்க்கு இரண்டாவது குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டு உறுதி செய்தபின், கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் மருந்துப் பெட்டியில் கிடந்த ஆம்பூல் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், வீரியம் குறைந்திருக்கும். கருப்பை இறுகாமல் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்போது ஊசிதான் போட்டாயிற்றே என்று உதவியாளர் நம்பிக்கொண்டிருப்பார். குளிர்ப்பெட்டி இல்லாத வண்டிக்கு, அதே வேலையைச் செய்யும், குளிரில் வைக்கத் தேவையில்லாத மிசோப்ரோஸ்டால் மாத்திரை ஏன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தால்தான் இது விளங்கும். இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவதில் எல்லோருமே குறைத்துத்தான் சொல்வார்கள். அரை லிட்டர் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து ஒரு பழைய புடவையிலும் பஞ்சிலும் தரையிலும் ஊற்றிக் காட்டுங்கள். 500 மில்லி எவ்வளவு பரவும் என்று ஒரு தடவை பார்த்த கண் மறக்காது. இதற்கு விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம்.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்னீசியம் சல்பேட் கொடுத்து அனுப்புவார்கள். 50 சதவீத ஆம்பூல் 2 மில்லியில் 1 கிராம். தசையில் போடும் 10 கிராம் என்றால் 10 ஆம்பூல், ஒவ்வொரு பிட்டத்திலும் 10 மில்லி. மில்லி, கிராம், சதவீதம் மூன்றும் குழம்புவது இங்கேதான். வழியில் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே போகிறதா, முழங்கால் தட்டினால் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். துள்ளல் மறைந்தால் அடுத்து நிற்கப்போவது மூச்சு. அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மில்லி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்கு முன் சென்னை அழைப்பு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் கேட்டு உத்தரவு வாங்கும் வழக்கமும் பாடத்தின் ஒரு பகுதி.

பாம்புக்கடியில் கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி இருக்காது, தடயமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று அழைப்பு வரும். இமை சரிகிறதா என்று பார்க்காமல் வயிற்றுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் போயிற்று. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் கால் மணி கழித்து 12-இல் நிறுத்தினால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 97 காட்டிக்கொண்டுதான் இருக்கும், அது விழும்போது காலம் கடந்திருக்கும். மூச்சு நின்றால் ஆம்பு பை ஒன்றே அவரை மருத்துவமனை வரை கொண்டுசேர்க்கும். கண் திறக்க முடியாமல், கை அசைக்க முடியாமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும். அவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காத பயிற்சி முழுமையானதல்ல. ஊரார் இறுக்கிக் கட்டிய கயிற்றை வண்டியில் வைத்துச் சட்டென்று அறுக்கவும் கூடாது. தேங்கிய நஞ்சு ஒரே வேகத்தில் ஏறலாம். விஷமுறிவு மருந்து தயாராக இருக்கும் இடத்தில்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். அதன் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர் என்பதால் கேஜில் பார் அளவில் காட்டும் அழுத்தத்தைப் பத்தால் பெருக்கினால் மிச்சம் தெரியும். 50 காட்டினால் 500 லிட்டர், கையிருப்புக்காக 100 விட்டால் 400. நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 40 நிமிடம். மருத்துவமனை 50 நிமிடத் தொலைவில் இருந்தால் கிளம்பும் முன்பே சிலிண்டரை மாற்ற வேண்டும். ஷிப்ட் தொடங்கியதும் கேஜைப் பார்த்து எழுதுவது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டவருக்குத் தெரியும், போடாதவருக்கு அது இன்னொரு படிவம்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும் நிமிடம் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பாடம். நடந்தது என்ன, எங்கே காயம், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எவ்வளவு, நாம் என்ன கொடுத்தோம் என்ற நான்கையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். "பைக் – கார் மோதல், 40 நிமிஷம் முன்னால. வலது தொடை எலும்பு முறிவு, தலையில் அடி இல்லை. நாடி 124, பிபி 90/60, மூச்சு 26. ஸ்ப்ளின்ட் போட்டிருக்கு, டிராநெக்ஸாமிக் 1 கிராம் 9:20-க்குக் கொடுத்திருக்கு." இவ்வளவுதான். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சப்பட்டு காகிதத்தை மட்டும் நீட்டிவிட்டு நகர்வதுண்டு. தமிழிலேயே தெளிவாகச் சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியும். பாடக் குறிப்புகளும் தமிழில் இருந்தால் இந்தக் கூச்சமே எழாது. மருந்துப் பெயரையும் அளவையும் அப்படியே வைத்துக்கொண்டு, காரணங்களைத் தமிழில் எழுதிய கையேடு இன்றைய முதல் தேவை என்பேன்.

இப்போது 51-ஆம் நாள். பழகாமல் விட்டால் சிபிஆர் திறமை மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கும். ஆண்டுக்கொரு நாள் புத்தாக்க வகுப்பு இதைச் சரிக்கட்டாது. மாதம் ஒருமுறை, வண்டி நிற்கும் இடத்திலேயே, 15 நிமிடம் ஒரு பொம்மையோடு பழகுவது அதைவிடப் பலன் தரும். அதைவிட முக்கியம், கொண்டுபோன நோயாளி என்ன ஆனார் என்று தெரிவது. பக்கவாதம் என்று எழுதிக் கொடுத்தவருக்குச் சர்க்கரை 38 என்று மிகத் தாழ்ந்திருந்தது பிறகு தெரிந்திருந்தால், அந்த உதவியாளர் வாழ்நாளில் குளுக்கோமீட்டரை மறக்க மாட்டார். அந்தத் தகவல் அவருக்கு வராது, அதனால் பத்தாண்டு அனுபவமும் ஒரே ஆண்டு பத்து முறை திரும்பியதாக ஆகிவிடும். இதைச் சரிசெய்யப் பணம் பெரிதாக வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு மருத்துவர், வாரம் ஐந்து கேஸ் தாளை எடுத்து, முடிவு என்ன என்று எழுதித் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படி இணைத்தால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மாரடைப்புக்காகச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடும் ஆம்புலன்ஸோடும் இசிஜி வழியாக இணைத்த டிஎன்-ஸ்டெமி ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. இசிஜி சரியாக எடுக்கப்பட்டால்தான் இந்தச் சங்கிலி ஓடும். புதியவர்கள் இசிஜியின் முதல் இரண்டு மார்பு ஒட்டுமுனைகளான வி1, வி2-ஐ இரண்டு விரற்கடை மேலே ஒட்டிவிடுவார்கள், இல்லாத மாரடைப்பு அதில் தெரியும். மார்பெலும்பின் மேட்டைத் தடவி, அது இரண்டாம் விலா என்று பிடித்து, நான்காம் இடைவெளிக்கு எண்ணி இறங்க வேண்டும்.

மேலே போகும் வழியைப் பற்றி. 2021-இன் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலரையும் பாராமெடிக்கையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டப்படி இணைச் சுகாதாரத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழிலர் என்றால் 3,600. தம்பியின் 400 மணி நேரம் இதற்கு எட்டாது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது. அதை முடித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போகிறார்கள், வண்டிக்கு வருவோர் குறைவு. வண்டியில் பல ஆண்டு உழைத்தவருக்கு அந்தப் பட்டத்தில் நேராக மேல் வகுப்பில் சேரும் பாலம் பரவலாக இல்லை. அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே முடிக்கும் பாலப் படிப்பு ஒன்றை அரசு தொடங்கினால், வெளியேறும் கைகள் பல இங்கேயே தங்கும். இந்தத் துறையின் மிகப் பெரிய வாய்ப்பு என்று நான் நம்புவது அதைத்தான்.

தம்பிக்கு உடனடியாகச் செய்ய வேண்டியவை சில. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கட்டும், 0, 1, 6 மாதம் என மூன்று ஊசி, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு அளவுப் பரிசோதனை. ஊசி குத்திக்கொண்டால் சோப்பால் கழுவிவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் எச்ஐவி தடுப்பு மருந்து கேட்க வேண்டும், 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து எழ வேண்டும். இதை அலட்சியம் செய்து முதுகுவலியோடு வேலையை விடுபவர்கள் உண்டு. குழந்தை இறந்த கேஸ், தூக்கில் தொங்கியவரை இறக்கிய கேஸ் என்று சிலவற்றுக்குப் பின் தூக்கம் வராது. 12 மணி நேர ஷிப்ட் முடிந்ததும் பைலட்டோடு உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் நீங்களும் "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள், சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் பிறகு வந்தால் அங்கே பட்டம், பணி அனுபவம், உரிமத் தேர்வு மூன்றையும் கேட்பார்கள். அதனால் பயிற்சிச் சான்றிதழ், பணி நியமன ஆணை, தான் செய்த பிரசவம், ஐவி, சிபிஆர் ஆகியவற்றின் தேதி வாரிக் குறிப்பு எல்லாவற்றையும் நோயாளியின் பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.